கட்சியே எதிர்த்தும் பின்வாங்காத ராஜாஜி... பாகிஸ்தான் பிரச்னைக்கு அவர் சொன்ன தீர்வு என்ன?

உக்ரைன், காசானு எல்லைச் சண்டை செய்தி வந்தாலே போதும், ஏழாயிரம்பண்ணை டீக்கடை பெஞ்சுல இருந்துகூட ஆளுக்கொரு தீர்வு வரும். சொல்றதுக்கு காசா, பணமா? ஆனால், அப்படி ஒரு தீர்வைச் சொன்னதற்காக கட்சியையும் எம்.எல்.ஏ. பதவியையும் விட்டு வெளியேறியவர் ஒருவர் தமிழ்நாட்டில் இருந்தார். அவர்தான் ராஜாஜி.

காமராஜர் பிறந்த விருதுநகர் மண்ணில் ராஜாஜி என்றதும் நினைவுக்கு வருவது 1953 கல்வித் திட்டம்தான். அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனா, இது வேற கதை.

1878இல் ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்தவர், சேலத்தில் பெயரெடுத்த வக்கீல், காந்தியின் சம்பந்தி, 1937இல் சென்னை மாகாணப் பிரதமர். இதெல்லாம் பலருக்கும் தெரியும்.

1942இல் என்ன நடந்தது?

சிங்கப்பூர், ரங்கூன் அடுத்தடுத்து ஜப்பானிடம் விழுந்தன. அடுத்தது சென்னையோ என்ற பயம். எல்லாக் கட்சியும் சேர்ந்த தேசிய அரசு உடனே வேண்டும், அதற்கு முஸ்லிம் லீக்கின் தனிநாடு கோரிக்கையைக் கொள்கை அளவில் ஏற்கலாம் என்றார் ராஜாஜி. சென்னை காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர்களை வைத்து ஏப்ரலில் தீர்மானமும் போட்டார். அலகாபாத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டியில் அவருக்கு ஆதரவு 15, எதிர்ப்பு 120. ஜூலையில் வெளியேறிவிட்டார். ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' வெடிக்க, காமராஜர் உட்பட எல்லாரும் ஜெயிலுக்குப் போனார்கள். இவர் மட்டும் வெளியே. துரோகினு பேர் வாங்கினதுதான் மிச்சம்.

ராஜாஜி திட்டம்னா என்ன?

முதலில், லீக் சுதந்திரக் கோரிக்கையை ஆதரித்து இடைக்கால அரசில் சேர வேண்டும். போர் முடிந்ததும், வடமேற்கிலும் கிழக்கிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக, ஒட்டியபடி உள்ள மாவட்டங்களை ஒரு கமிஷன் பிரித்துக் காட்டும். அங்கே மதம் பார்க்காமல் எல்லா மக்களிடமும் வாக்கெடுப்பு. பிரிவதென்று முடிவானால், பாதுகாப்பு, வணிகம், போக்குவரத்துக்கு இரு நாட்டுக்கும் பொது ஒப்பந்தம். யாரையும் ஊரைவிட்டுக் கட்டாயமாகக் கிளப்பக் கூடாது.

இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். 1947இல் லட்சக்கணக்கானவர்கள் மூட்டை முடிச்சோடு ஓடியதை நினைச்சுப் பார்த்தா புரியும்.

1943 உண்ணாவிரதத்தின்போதே காந்தி இதற்குச் சம்மதித்திருந்தார். 1944 செப்டம்பரில் பம்பாயில் ஜின்னாவுடன் 18 நாட்கள் பேசினார். ஒத்துவரவில்லை. ஜின்னாவுக்கு முழு மாகாணங்கள் வேண்டும். வாக்கும் முஸ்லிம்களுக்கு மட்டும். பிரிவினை முதலில், சுதந்திரம் பிறகு. காந்திக்கோ சுதந்திரம்தான் முதலில்.

கடைசியில் 1947இல் பஞ்சாபும் வங்கமும் கிட்டத்தட்ட ராஜாஜி சொன்னபடி மாவட்ட வாரியாகவே உடைந்தன. ஆனா, அங்கே மக்களிடம் வாக்கு கேட்கவில்லை, பொது ஒப்பந்தமும் இல்லை. உடைந்த மேற்கு வங்கத்துக்கு முதல் ஆளுநராகப் போனவரே ராஜாஜிதான்!

காஷ்மீருக்கு என்ன சொன்னார்?

1964இல் அவர் சுதந்திரா கட்சித் தலைவர். நேருவை வறுத்தெடுத்துக்கொண்டிருந்த நேரம். சிறையிலிருந்து ஷேக் அப்துல்லாவை நேரு விடுவித்ததும், அதே ராஜாஜி முழு மனதோடு ஆதரித்தார். மே மாதம் சென்னை வந்த ஷேக், அவரோடு மூன்று மணி நேரத்துக்கு மேல் பேசினார். இந்தியா ஜெயித்தது, பாகிஸ்தான் தோற்றது என்ற பேச்சே வராத ஒரு வழி வேண்டும் என்பதுதான் அந்தப் பேச்சின் அடிப்படை. ஷேக் பாகிஸ்தானும் போனார். அங்கே இருக்கும்போதே, மே 27இல் நேரு இறந்த செய்தி வந்தது. முயற்சி அதோடு நின்றுபோனது.

அதற்கு முன்பே, 1962இல், 83 வயதில் அமெரிக்கா போய் அதிபர் கென்னடியிடம் அணுகுண்டு சோதனையை நிறுத்தச் சொல்லி வாதாடியவர் இவர்.

1967 தேர்தலில் தி.மு.க.வோடு ராஜாஜி கூட்டணி. விருதுநகரில் காமராஜர் தோற்றார். 1971இல் அதே இருவரும் ஒரே அணி!

1972 ஜூலையில் சிம்லா ஒப்பந்தம் கையெழுத்தானது. டிசம்பரில் காஷ்மீர் கட்டுப்பாட்டுக் கோடு வரைபடத்தில் குறிக்கப்பட்டது. அதே மாதம் 25ஆம் தேதி, 94 வயதில் ராஜாஜி சென்னையில் காலமானார்.