நம் மலையில் வாழ்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட்

ஏற்காடு ஹோலி டிரினிட்டி ஆலயத்தில், 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் காலமான ஒரு பெரியவரின் சாம்பல் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. அவர் நம் பங்கைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் நம் மலையையே தம் ஊராகக் கொண்டவர். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை எனப் போற்றப்படும் இராபர்ட் புரூஸ் ஃபூட் அவர்களே அவர்.

இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாம் நகரில் 1834ல் பிறந்த இவர், 1858ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். பாறைகளை ஆராய்ந்து வரைபடம் தயாரிப்பதே இவர்தம் அலுவல். ஐரோப்பாவில் ஆதிமனிதனின் கற்கருவிகள் கிடைத்த செய்தி இவர் காதுக்கு எட்டிற்று. அதுமுதல் அலுவலாகச் சென்ற இடங்களிலெல்லாம் தரையைத் துருவிப் பார்க்கலானார். 1863 மே 30ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழியொன்றில், மனிதன் கையால் செதுக்கிய கல் ஒன்று அகப்பட்டது. நான்கு மாதம் கழித்து, உடன் பணியாற்றிய வில்லியம் கிங்குடன் சென்று அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கண்டார்.

பாடநூல்கள் பெரும்பாலும் பல்லாவரத்தோடு நின்றுவிடுகின்றன. என்னைக் கேட்டால், அதன்பின் வந்த நாற்பது ஆண்டுகளே பெரிது. முதற்கல் அதிர்ஷ்டத்தால் கிடைத்ததென்று சொல்லிவிடலாம். ஆனால் ஆந்திர, கன்னட நாடுகளில் கூடாரமடித்துத் திரிந்த காலமெல்லாம், அலுவலுக்கு இடையிலேயே, கல் பொறுக்குவதை அவர் விடவில்லை. எந்த ஊரில், எந்த மண்ணில் கிடைத்தது என்று குறித்து வைப்பதையும் விடவில்லை. இடம் தெரியாத கற்கருவி ஆய்வாளனுக்குப் பாதி ஊமை. ஓரிடத்துக் குறிப்பு, அடுத்த இடத்தில் எங்கே தேட வேண்டுமென்று காட்டிக்கொடுத்தது. ஆற்றோரச் சரளையும், பெல்லாரிப் பக்கத்துச் சாம்பல் மேடுகளும் அவருக்குப் பேசத் தொடங்கின. இப்படியே 400க்கும் மேற்பட்ட இடங்கள் சேர்ந்தன.

1891ல் ஓய்வு பெற்றபின் பரோடா, மைசூர் சமஸ்தானங்களிலும் பணி செய்தார். ஏற்காட்டில் ஐவி காட்டேஜ் இவர் இல்லம். இம்மலையிலும் வழவழப்பான புதிய கற்காலக் கோடரிகள் கிடைத்தன. மலைவாழ் மக்கள் அவற்றைக் கண்டெடுத்துப் பிள்ளையார் சந்நிதியில் வைத்து வணங்கி வந்தார்கள்.

இவர் மாமனார் பீட்டர் பெர்சிவல் ஐயரும் இதே குணத்தவர்தாம். அவர் சேர்த்தது கல் அல்ல, தமிழ்ப் பழமொழி. யாழ்ப்பாணத்தில் தொடங்கிய அத்திரட்டு, 1874ல் சென்னையில் மறுபதிப்பானபோது 6000ஐத் தாண்டியிருந்தது. அவரும் 1882ல் ஏற்காட்டிலேயே காலமானார். பெண் கொடுத்த இடம் பொருத்தமான இடம்தான்!

தாம் சேர்த்த கற்கள் அனைத்தையும் 1904ல் ஃபூட் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு விற்றார். ஒவ்வொன்றுக்கும் இடம் சொல்லி அவர் எழுதிய பட்டியல், அவர் மறைவுக்குப்பின் 1914லும் 1916லும் நூல்களாக வெளிவந்தது. அவர் அன்று குறித்த அத்திரம்பாக்கத்திலேயே பிற்காலத்தவர் அகழ்ந்து, அங்குள்ள கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமையுடையவை என 2011ல் அறிவித்தனர். எழும்பூரிலுள்ள அவர் திரட்டில் நம் சேர்வராயன் மலைக் கற்களும் உண்டு.