காந்தியடிகளிடமே மறுத்துப் பேசிய வாத்தியார்

டாக்டர் ஜாகீர் உசேன் என்றதும் பலருக்கு ராஷ்டிரபதி பவன்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பதவியில் அவர் இருந்தது இரண்டே ஆண்டுகள். வாத்தியாராக இருந்ததோ இருபது ஆண்டுகளுக்கும் மேல்.

1897-இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். 1911-இல் பிளேக் நோய் தாயாரையும் கொண்டுபோயிற்று. 1920-இல், ஒத்துழையாமைக்குக் காந்தியடிகள் விடுத்த அழைப்பைக் கேட்டு அலிகார் கல்லூரியை விட்டு வெளியேறி, ஜாமியா மில்லியா என்ற தேசியக் கல்விக்கூடத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். பெர்லினில் டாக்டர் பட்டம் பெற்று 1926-இல் திரும்பியபோது, டில்லிக்கு மாறியிருந்த ஜாமியா மூடும் நிலையில் இருந்தது. 29 வயதில் அதன் துணைவேந்தரானார். இருபது ஆண்டுகள் விலகுவதில்லை, மாதம் 150 ரூபாய்க்கு மேல் வாங்குவதில்லை என்று அவரும் சக ஆசிரியர்களும் உறுதி எடுத்துக்கொண்டார்கள். பெர்லின் டாக்டருக்கு வேறெங்கும் வேலை கிடைக்காமலா போயிருக்கும்?

1937 அக்டோபர் 22, 23 தேதிகளில் வார்தாவில் கல்வி மாநாடு கூடியது. தலைமை காந்தியடிகள். காங்கிரஸ் மாகாணங்களின் கல்வி மந்திரிகளும் வந்திருந்தார்கள். கைத்தொழில் வழியாகவே எல்லாப் பாடமும் கற்பிக்க வேண்டும், பிள்ளைகள் செய்யும் பொருளை விற்று ஆசிரியர் சம்பளத்தைத் தேடிக்கொள்ளலாம் என்பது காந்தியடிகளின் திட்டம். ஜாகீர் உசேன் எழுந்து, இது முற்றிலும் புதிய முறை அல்ல என்றார். வருமானத்தையே பெரிதாக்கினால் வாத்தியார் கங்காணியாகிவிடுவார், பிள்ளைகள் கூலிகளாவார்கள் என்றும் எச்சரித்தார். அந்தச் சபையில், அந்தத் தலைவர் முன் இப்படிப் பேச நெஞ்சுரம் வேண்டும்.

காந்தியடிகள் கோபிக்கவில்லை. பாடத்திட்டம் வகுக்கும் குழுவுக்கு அவரையே தலைவராக்கினார். தஞ்சாவூர்க்காரரான ஜே.சி. குமரப்பாவும், இலங்கைத் தமிழரான ஆர்யநாயகமும் அதில் அங்கம் வகித்தது நமக்குப் பெருமை. டிசம்பர் 2-இல் அறிக்கை தயார். 7 வயது முதல் 14 வரை இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழியிலேயே. பள்ளி நேரம் ஐந்தரை மணி; அதில் கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிடம், தாய்மொழிக்கு 40 நிமிடம் என்று ரயில் கால அட்டவணை போலவே வகுத்திருந்தார்கள். பொருள் விற்றுச் செலவு கட்டாவிட்டாலும், கல்வி முறை என்ற அளவில் இது ஏற்கத்தக்கதே என்றும் எழுதி வைத்தார்கள். வார்தாவில் எழுந்த அந்த மறுப்பு, அறிக்கையிலும் இப்படி இடம்பிடித்துவிட்டது.

1938-இல் ஹரிபுரா காங்கிரஸ் திட்டத்தை ஏற்றது. மறு ஆண்டே மந்திரி சபைகள் விலகின, வேகம் குன்றியது. சுதந்திரத்துக்குப் பின் எத்தனையோ ஊர்களில் தக்ளி மட்டும் மிஞ்சியது. பாடம் அதோடு சேரவில்லை. பிற்காலத்தில் அவரே இதைக் கண்டு மனம் நொந்து பேசினார்.

1947 கலவரத்தில், ஜலந்தர் ரயில் நிலையத்தில் அவர் உயிர் தப்பியதே அதிசயம். கும்பலிடமிருந்து மீட்டவர்கள் ஒரு சீக்கியப் படை அதிகாரியும் ஓர் இந்து ரயில்வே ஊழியரும். அதன்பின் அலிகார் துணைவேந்தர், பீகார் கவர்னர், உப ஜனாதிபதி, 1967-இல் ஜனாதிபதி. 1969 மே 3-இல் பதவியிலிருக்கும்போதே காலமானார். அடக்கம் செய்தது ஜாமியா வளாகத்தில்.