முகிலில் விண்மீன் கண்டவர்

வானியல் அறிஞர் எட்வின் ஹப்பிள், 1889ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து மார்ஷ்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். மைந்தர் சட்டம் பயில வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். அவ்வண்ணமே ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் பயின்றார். 1913இல் தந்தை மறைந்த பின்னரே, தம் உள்ளம் நாடிய வானியலுக்குத் திரும்பினார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, முதல் உலகப் போரில் படைப்பணி ஆற்றி, 1919இல் கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தை அடைந்தார். 100 அங்குல ஆடி பொருந்திய அங்குள்ள தொலைநோக்கி அன்று உலகிலேயே பெரியது.

ஆந்திரோமெடா விண்மீன் குழுவில் மங்கலாய்த் தோன்றும் ஒளித்திட்டை, பத்தாம் நூற்றாண்டிலேயே பாரசீக அறிஞர் அப்துர் ரஹ்மான் அல்-ஸூஃபி சிறு முகில் எனக் குறித்து வைத்தார். பின்னாளில் ஒளிப்படங்கள் அதனைச் சுருள் வடிவினதாகக் காட்டின. அச்சுருள் நம் பால்வழிக்கு உட்பட்டதா, அன்றி அதற்கு அப்பாற்பட்ட தனி மண்டலமா? அறிஞர் இரு அணியாய்ப் பிரிந்து வழக்காடினர். சட்டம் துறந்தவர் கைக்கே அவ்வழக்கு வந்து சேர்ந்தது!

1923 அக்டோபர் தொடக்கத்தில் ஓரிரவு, ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஒளிபடச் செய்து ஒரு கண்ணாடித் தகட்டில் அதனைப் படமெடுத்தார். புவி சுழல்வதால் வானம் நகர்ந்துகொண்டே இருக்கும்; தொலைநோக்கியும் உடன் நகர்ந்தாக வேண்டும். சிறிது பிசகினும் புள்ளிகள் கோடுகளாகிவிடும். தகட்டில் திடீரென ஒளிர்ந்த விண்மீன்கள் மூன்று என முதலில் குறித்தார். பழைய தகடுகளோடு ஒப்பிட்டபோது, அவற்றுள் ஒன்று கூடியும் குறைந்தும் ஒளிர்ந்தமை புலப்பட்டது. முன்பு இட்ட குறியை அடித்துவிட்டு, மாறொளி விண்மீன் எனத் திருத்தினார். தம் தவற்றைத் தாமே அடிக்கும் துணிவு எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

அவ்வகை விண்மீனின் ஒளிமாற்றக் காலத்தைக் கொண்டு அதன் உண்மை ஒளியை அறியலாம் என்பது ஹென்றியெட்டா லீவிட் அம்மையார் கண்ட நெறி. ஹப்பிளின் கண்டுபிடிப்பைக் காணாமலே 1921இல் அவர் மறைந்தார். அந்நெறி வழி ஹப்பிள் கணித்த தொலைவு சுமார் 9 இலட்சம் ஒளியாண்டுகள். இன்றைய கணிப்பு சுமார் 25 இலட்சம். எண் பிழைத்தது, தீர்ப்புப் பிழைக்கவில்லை. முகில் எனப்பட்டது பால்வழிக்கு வெளியே தனியொரு விண்மீன் மண்டலம் என்பது 1925 சனவரி முதல் நாள் வாஷிங்டன் கூட்டத்தில் அறிவிக்கப்பட்டது. அதனைப் படிக்க ஹப்பிள் நேரில் செல்லவில்லை. வேறோர் அறிஞரே படித்தார்.

1953 செப்டம்பர் 28ஆம் நாள் ஹப்பிள் மறைந்தார். அவர் அடித்துத் திருத்திய அத்தகடு பாசடீனாவில் காக்கப்பட்டு வருகிறது.