பிணஞ் சுமந்த பெருவணிகர்

நம் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் ஒரு வீட்டில் இறப்பு நேரின், கோடி கொணர்வோர் இன்னார், பாடை தூக்குவோர் இன்னார், கொள்ளி வைப்போர் இன்னார் என முறை வகுத்திருத்தலை அன்பர்கள் அறிவர். அம்முறைகாரர் அனைவரும் ஊரைவிட்டே ஓடிவிட்டால் பிணத்தை எடுப்பார் யார்? இவ்வினா எழுந்த ஓர் ஊரில், தம் தோளையே விடையாகத் தந்தவர் ஈரோட்டு இராமசாமியார். பெரியார் எனப் பின்னாளில் உலகம் அழைத்தது இவரையே.

இவர் 1879 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 17 ஆம் நாள் வேங்கடப்பருக்கும் சின்னத்தாயம்மைக்கும் மகனாய்த் தோன்றினார். தந்தையார் கூலி வேலையில் தொடங்கிப் பெருவணிகராய் உயர்ந்தவர். மைந்தர்க்குப் பள்ளிப் படிப்பு சிறிதே வாய்த்தது. பன்னிரண்டு வயதளவில் கடைக்கு வந்துவிட்டார். 1904 இல் வீட்டில் மனங்கசந்து காசி சென்றார். ஆங்குச் சத்திரத்துச் சோறு ஒரு குலத்தார்க்கே உரியதென்று வாயிலில் தடுக்கப்பெற்று, எச்சில் இலையிற் கிடந்ததை உண்டு பசி தணித்தார். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு அப்பசி கற்பித்த பாடத்தை எந்தப் பள்ளி கற்பித்திருக்கும்? மீண்டு வந்தவரிடம் தந்தையார் மண்டி வாணிகத்தை ஒப்படைத்தார்.

1896 இல் பம்பாயில் தலைகாட்டிய பிளேக் என்னும் கொள்ளைநோய், இருப்புப்பாதை வழியே ஊர் ஊராகப் பரவிற்று. முதலில் வீட்டெலிகள் செத்து விழும். அவற்றின் தெள்ளுப்பூச்சி மனிதரைக் கடிக்கும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டும். சின்னாளில் உயிர் போகும். தானிய மண்டிகளும் இரயில் சந்திப்பும் உடைய ஈரோடு இதற்குத் தப்பவில்லை. எலி விழக் கண்டோர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர்க்கு ஓடினர். வசதியுள்ள வணிகர்க்கு ஓடுதல் எளிது. இராமசாமியாரோ ஊரிலேயே தங்கினார். உறவினர் தொட அஞ்சிக் கைவிட்ட பிணங்களைத் தாமே தோளிற் சுமந்து சுடுகாடு சேர்த்தார். செத்தவர் எக்குலத்தார், எத்தெருவார் என்னும் ஆராய்ச்சி அத்தோளுக்கு இல்லை. 1956 நவம்பர் 23 விடியலில் நம் மருதையாற்றுப் பாலத்தருகே தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து 140க்கு மேற்பட்டோர் மாண்டனரே, அன்று அங்கு உதவச் சென்றோரும் பிரேதத்தின் குலத்தைக் கேட்டிருப்பரோ?

பிணத்தை அடக்குதல் ஒரு கடமை. பிணம் விழாமற் காத்தல் அதனினும் பெரிய கடமை. முதல் உலகப்போரின் இறுதிக் காலத்தில் ஈரோட்டு நகரசபைத் தலைவராய் அமர்ந்தபோது இவர் செய்தது இரண்டாவது கடமையே என்பது என் கருத்து. காவிரி நீரை ஊருக்குட் கொணரும் குடிநீர்த் திட்டத்தை நிறைவேற்றினார், துப்புரவில் கருத்தூன்றினார். (அக்காவிரியே கீழே கொள்ளிடமாய்ப் பிரிந்து நம் திருமழபாடியைத் தொட்டுச் செல்கிறது.) அந்நாளில் சேலம் நகரசபைத் தலைவராயிருந்த இராசகோபாலாச்சாரியாரோடு நட்பும் உண்டாயிற்று. 1919 இல் தலைமைப் பதவியையும், தாம் வகித்த ஏனைய பொதுப் பதவிகளையும் ஒருசேரத் துறந்து காங்கிரசுத் தொண்டில் இறங்கினார். பிணஞ் சுமந்த தோள் பின்னர்க் கதர் மூட்டை சுமந்து தெருத்தெருவாய் விற்றது.

1924 ஆம் ஆண்டு வைக்கப் போராட்டமும், பின்னர்த் தோன்றிய சுயமரியாதை இயக்கமும் பலரும் எழுதியவை, ஈண்டு விரித்திலேன். கடவுட் கொள்கையில் அவரோடு உடன்படாதார் நம்முட் பலர். யானும் அவருள் ஒருவன். 1929 இல் செங்கற்பட்டு மாநாட்டில் அவர் இயக்கத்தார் பெயருக்குப் பின் குலப்பட்டம் இடுவதைக் கைவிடத் தீர்மானித்தனர். குலத்தின் பெயரால் இதழ் நடத்தும் நமக்கு இது கசக்கலாம். ஆயினும் ஈமச்செலவுக்கு உதவி கேட்டு ஒருவர் வருங்கால், உறுப்பினர் பட்டியலைப் புரட்டுமுன் ஈரோட்டுத் தெருக்களை ஒருமுறை நினைத்தல் நமக்குத் தகும்.

தம் வீட்டுச் சாவிலும் அவர் வேறு வழி நின்றார். 1933 மே 11 இல் வாழ்க்கைத் துணைவியார் நாகம்மையார் மறைந்தபோது, ஒப்பாரியும் அழுகையும் கூடாதெனத் தடுத்தார். அடுத்த நாளே பொதுப்பணிக்குப் புறப்பட்டார். இது வன்னெஞ்சமா, உறுதியா என்று எனக்குத் துணியக் கூடவில்லை. அவ்வம்மையாரும் வைக்கத்திற் போராடியவர்.

94 வயது நிரம்பிய பெரியார் 1973 டிசம்பர் 24 இல் வேலூர் மருத்துவமனையில் உயிர் நீத்தார். மறுநாள் சென்னையில் மக்கள் திரள் சூழ, அரசு மரியாதையுடன், பெரியார் திடலில் அவருடல் அடக்கஞ் செய்யப்பெற்றது. சமயச் சடங்கு யாதும் நிகழவில்லை. கொள்ளி வைக்க முறைகாரர் எவரும் அழைக்கப்படவில்லை.