அந்துப்பூச்சிக்குக் கிடைத்த எஞ்சின்

விமானத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நம்மில் பெரும்பாலானோர் ரைட் சகோதரர்களில் தொடங்கி அவர்களோடேயே முடித்துவிடுவோம். 1903 இல் அவர்கள் பறந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு 20 ஆண்டுகள் கடந்தும் விமானம் என்பது இராணுவத்தின் கையிலும் பெரும் செல்வந்தரின் கையிலும் மட்டுமே இருந்தது. அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை செய்யும் ஒரு பெண் தானே விமானம் ஓட்டிக் கடல் கடந்து போவாள் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பை நிறுத்தியவர்களுள் முதலில் சொல்ல வேண்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜெஃப்ரி டி ஹவிலண்ட். அதற்கு அவருக்குத் துணை நின்றது, பழைய எஞ்சின் ஒன்றைப் பாதியாக்கிச் செய்த ஒரு சிறிய எஞ்சின்.

அவர் 1882 ஜூலை 27 ஆம் திகதி ஹை வைக்கம் என்ற ஊருக்கு அருகில் பிறந்தார். தந்தை ஒரு தேவாலயப் போதகர். வீட்டில் பிள்ளைகளும் வயிறுகளும் இருந்த அளவுக்குப் பணம் இருக்கவில்லை. ஜெஃப்ரியும் தந்தை வழியில் போதகராக வேண்டும் என்பதே குடும்பத்தின் எண்ணம். அவருடைய மனமோ இயந்திரங்களிலேயே கிடந்தது. ஏறக்குறைய எங்கள் வயதில், 1900 ஆம் ஆண்டில், இலண்டனில் இருந்த கிறிஸ்டல் பலஸ் பொறியியல் பாடசாலையில் சேர்ந்தார். அங்கு படிக்கும் காலத்திலேயே தனக்கென ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சினை வடிவமைத்தார். பிறகு கைச்செலவுக்குப் பணம் இல்லாமல் போகவே, அதன் வரைபடங்களை உடன் படித்த நண்பர்களுக்கு வெறும் 5 பவுணுக்கு விற்றுவிட்டார். அந்த வரைபடங்களிலிருந்துதான் பின்னாளில் பிளக்பேர்ன் என்ற பெயரில் புகழ் பெற்ற எஞ்சின்கள் பிறந்தன. பண விடயத்தில் அவர் அவ்வளவு கெட்டிக்காரர் அல்லர் என்பது என் அபிப்பிராயம்.

படிப்பு முடிந்ததும் சில தொழிற்சாலைகளில் வேலை பார்த்தார். கடைசியாக பஸ் கட்டும் கம்பனி ஒன்றில் வரைபடக் கலைஞராக இருந்தபோது, விமானம் செய்ய வேண்டும் என்ற ஆசை அவரை நித்திரை கொள்ள விடவில்லை. தாய்வழிப் பாட்டனாரிடம் போய்க் கேட்டார். தன் மரணத்துக்குப் பின் பேரனுக்குக் கொடுக்கவிருந்த 1000 பவுணை அந்தப் பெரியவர் முன்கூட்டியே எடுத்துக் கொடுத்தார். பறப்பதை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு முதியவர், பறக்கத் தெரியாத ஒரு பேரனுக்கு அவ்வளவு பணத்தைத் தூக்கிக் கொடுத்தது சாதாரண காரியமா?

அந்த நேரத்தில் விமானத்துக்கு ஏற்ற எஞ்சின் கடையில் வாங்கக் கிடைக்கவில்லை. எனவே 45 குதிரைவலுக் கொண்ட எஞ்சின் ஒன்றைத் தானே வரைந்து, ஒரு கார்க் கம்பனியில் கொடுத்துச் செய்வித்தார். நண்பர் பிராங்க் ஹேர்ல் விமானத்தின் உடலைக் கட்ட உதவினார். 1909 இல் ஜெஃப்ரியை மணந்த லூயிஸ், இறக்கைகளுக்கான துணியைக் கையால் சுழற்றும் தையல் மெசினில் தைத்தார். விமான வரலாற்றுப் புத்தகங்களில் லூயிஸின் பெயர் ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. தையல் என்றால் சின்ன வேலை என்று நினைப்பவர்கள், ஒரு தையல் பிரிந்தால் அந்த விமானத்துக்கு என்ன நடந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கட்டும்.

1909 டிசம்பரில் செவன் பறோஸ் என்ற புல்வெளியில் அந்த விமானம் எழுந்தது. எழுந்த சில விநாடிகளில் இறக்கையின் மரச்சட்டம் முறிந்து கீழே விழுந்து நொறுங்கியது. ஜெஃப்ரிக்குச் சிறு காயங்கள். உடைந்த விமானத்தில் மிஞ்சியது எஞ்சின் மட்டுமே. அதே எஞ்சினைக் கழற்றி வேறொரு விமானத்தில் பூட்டி, 1910 செப்டெம்பர் 10 ஆம் திகதி அதே புல்வெளியில் மீண்டும் பறந்தார். இம்முறை விழவில்லை. அந்த விமானத்தை அரசாங்கம் 400 பவுணுக்கு வாங்கிக்கொண்டு, ஃபார்ன்பரோவில் இருந்த தனது தொழிற்சாலையில் அவருக்கு வேலையும் கொடுத்தது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் எயார்கோ என்ற கம்பனியில் பல போர் விமானங்களை வடிவமைத்தார். 1920 இல் இலண்டனுக்கு அருகே ஸ்டாக் லேன் என்ற இடத்தில் தன் பெயரிலேயே சொந்தக் கம்பனியைத் தொடங்கினார்.

சாதாரண மக்கள் ஓட்டக்கூடிய விமானம் ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அங்குதான் வளர்ந்தது. ஆனால் எஞ்சின் கிடைக்கவில்லை. 1923 இல் மோட்டார் சைக்கிள் எஞ்சின் பூட்டி ஒரு குட்டி விமானம் செய்து பார்த்தார். அதற்கு வலு போதவில்லை. போரில் மிஞ்சிய பெரிய எஞ்சின்களைப் பூட்டினாலோ பாரமும் செலவும் கூடின.

இங்கே எஞ்சினைக் குளிர்விப்பது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எஞ்சினுக்குள் எரிபொருள் எரியும்போது உண்டாகும் வெப்பத்தில் ஒரு பகுதிதான் வேலையாக மாறுகிறது. மிச்ச வெப்பத்தை வெளியேற்றாவிட்டால் பிஸ்டன் இறுகிவிடும். காரில் இதற்குத் தண்ணீர் இருக்கிறது, தண்ணீரைக் குளிர்விக்க ரேடியேட்டர் இருக்கிறது, குழாய்களும் பம்பும் இருக்கின்றன. இவை எல்லாம் பாரம். ஒரு குழாய் வானத்தில் கசிந்தால் ஓரமாக நிறுத்திப் பார்க்கவும் முடியாது. போர்க்காலத்தில் சில விமானங்களில் சிலிண்டர்களையே சக்கரம் போலச் சுழல விட்டுக் காற்றில் குளிர்வித்தார்கள். அவற்றுக்கு ஊற்றியது ஆமணக்கெண்ணெய். அது விமானியின் முகத்திலும் வாயிலும் தெறிக்கும் என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது.

இன்னும் எளிய வழியைப் பார்க்க எங்கள் வீட்டு வளவுக்கு வந்தாலே போதும். வாப்பாவின் மோட்டார் சைக்கிளிலும், சிறுபோகத்தில் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் மெசினிலும் சிலிண்டரைச் சுற்றி மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். அவை அழகுக்காக வைத்தவை அல்ல. உலோகத்தின் மேற்பரப்பு கூடக்கூடக் காற்றுக்குப் போகும் வெப்பமும் கூடும் என்பதைப் பௌதிகவியல் படிக்கும் தோழிகள் அறிவார்கள். தண்ணீரும் இல்லை, ரேடியேட்டரும் இல்லை. டி ஹவிலண்டுக்கும் அப்படி ஒரு எஞ்சின்தான் தேவைப்பட்டது, ஆனால் ஒரு விமானத்தைத் தூக்கும் வலுவோடு.

போர் முடிந்ததும் மிஞ்சிய விமானங்களையும் எஞ்சின்களையும் மொத்தமாக வாங்கி விற்ற ஒரு கம்பனி குரொய்டனில் இருந்தது. ரெனோ என்ற பிரெஞ்சுக் கம்பனியின் வடிவத்தைப் பின்பற்றிய, காற்றால் குளிரும் எட்டுச் சிலிண்டர் எஞ்சின்கள் அங்கே குவிந்து கிடந்தன. நான்கு நான்காக இரு வரிசையில் சிலிண்டர்கள் சரிந்து நிற்கும் அமைப்பு அவற்றினுடையது. அந்தக் கம்பனிக்காக வேலை செய்த பிராங்க் ஹல்ஃபர்ட் என்ற இளம் பொறியியலாளரிடம் டி ஹவிலண்ட் போய், அதைப் பாதியாக்கித் தர முடியுமா என்று கேட்டார். ஹல்ஃபர்ட் ஒரு வரிசையை விட்டுவிட்டு மற்ற வரிசையின் நான்கு சிலிண்டர்களை எடுத்தார். அவற்றைத் தாங்குவதற்குப் புதிய அடிப்பாகம் ஒன்றை வடிவமைத்தார். கிடைத்தது 60 குதிரைவலு எஞ்சின். அதற்குச் சிரஸ் என்று பெயர் வைத்தார்கள். பழைய பாகங்களிலிருந்து செய்ததால் விலையும் குறைவு.

வரிசையாக நிற்கும் நான்கு சிலிண்டர்களில் முன்னால் இருப்பதற்கு நல்ல காற்று, கடைசியில் இருப்பதற்குச் சூடேறிய மிச்சக் காற்று என்று ஆகிவிடக்கூடாது அல்லவா? அதற்காகக் காற்றை ஒரு பக்கமாக உள்ளே எடுத்து, சிலிண்டர்களுக்கு இடையில் தகடுகள் வைத்து, ஒவ்வொன்றையும் சுற்றிப் போகும்படி திருப்பிவிட்டார்கள். பந்தியில் கடைசி ஆளுக்கும் சோறு போய்ச் சேர வேண்டும் என்பது மாதிரி.

இந்த எஞ்சினைச் சுற்றிக் கட்டிய விமானம் 1925 பெப்ரவரி 22 ஆம் திகதி பறந்தது. ஓட்டியவர் டி ஹவிலண்டேதான். பூச்சிகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் தேடி ஆராய்வதில் அவருக்குச் சிறுவயதிலிருந்தே பிரியம். இந்த விமானத்தின் இறக்கைகளைப் பின்னோக்கி மடித்துக் கார்க் கொட்டிலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பதால் அதற்கு மொத், அதாவது அந்துப்பூச்சி என்று பெயர் சூட்டினார்.

மொத் நன்றாக விற்றது. அதனாலேயே ஒரு கஷ்டமும் வந்தது. பழைய எஞ்சின்களின் குவியல் தீர்ந்துகொண்டு போனது. இனிச் சொந்தமாகச் செய்வதைத் தவிர வழியில்லை என்று கண்டு, ஹல்ஃபர்டையே வைத்து 1927 இல் ஜிப்சி என்ற புது எஞ்சினை உருவாக்கினார்கள். அது 100 குதிரைவலுக் கொண்டது. அதன்பின் செய்த பரிசோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு ஜிப்சி எஞ்சினை யாரும் திறக்க முடியாதபடி முத்திரையிட்டு, விமானத்தில் பூட்டி, 600 மணித்தியாலங்கள் பறக்க விட்டார்கள். சுமார் 51,000 மைல் தூரம். பிறகு திறந்து பார்த்து, தேய்ந்த பாகங்களை மாற்ற ஆன செலவு 7 பவுணுக்குச் சற்று மேல். ஜிப்சி எஞ்சின் பூட்டிய மொத் விமானத்தின் விலை 650 பவுண். நம்பி ஏறலாம் என்பதற்கு இதைவிட என்ன விளம்பரம் வேண்டும்?

நம்பி ஏறியவர்களில் ஒருவர் எமி ஜோன்சன். ஹல் நகரத்து மீன் வியாபாரி ஒருவரின் மகள். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றும் இலண்டனில் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் தட்டெழுதிக்கொண்டிருந்தார். ஸ்டாக் லேனில் இருந்த விமானக் கழகத்தில் பறக்கப் பழகினார். அதோடு நிற்காமல் எஞ்சினைக் கழற்றிப் பூட்டவும் கற்று, விமானப் பராமரிப்புப் பொறியியலாளர் உரிமம் பெற்ற முதல் பிரித்தானியப் பெண் ஆனார். பாவித்த ஜிப்சி மொத் ஒன்றை வாங்கி, 1930 மே 5 ஆம் திகதி தன்னந்தனியாகப் புறப்பட்டு, கராச்சி, அலகாபாத், கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் வழியாக மே 24 ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கினார். வழியில் விமானம் பழுதானபோதெல்லாம் அவருடைய கைக்கு எஞ்சின் வேலை தெரிந்திருந்தது உதவியது. 1936 இல் லாகூரில் சர்லா தக்ரால் என்ற 21 வயதுப் பெண் சேலை உடுத்துக்கொண்டு ஜிப்சி மொத்தில் தனியாகப் பறந்தார். அதே லாகூரில் அதே காலத்தில் விமானி உரிமம் பெற்ற இன்னொருவர் உருது எழுத்தாளர் ஹிஜாப் இம்தியாஸ் அலி. கதை எழுதும் கையும் விமானம் ஓட்டும் கையும் ஒரு முஸ்லிம் பெண்ணிடம் ஒன்றாக இருந்திருக்கின்றன என்பதை நம் தோழிகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பின்னர் ஹல்ஃபர்ட் ஜிப்சியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். சிலிண்டர்கள் கீழே, சுழலும் தண்டு மேலே. விமானியின் கண்ணுக்கு முன்னால் எஞ்சின் உயர்ந்து நின்று மறைப்பது இதனால் குறைந்தது. இந்தத் தலைகீழ் எஞ்சின் பூட்டிய பஸ் மொத் விமானத்தில்தான் 1932 ஒக்டோபர் 15 இல் ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு போனார். நம் நாட்டுக்கும் அது வந்தது. 1935 நவம்பர் 27 ஆம் திகதி இரத்மலானை விமான நிலையத்தில் முதன்முதலாக இறங்கியது, மதராஸ் பறத்தற் கழகத்தின் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ ஓட்டி வந்த ஒரு பஸ் மொத்.

இதுவரை எழுதியது இனிமையான பகுதி. வன்னியில் வானத்தில் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடிய நினைவு இந்த இதழை வாசிக்கும் பல பெற்றோருக்கு இன்னும் மறையவில்லை. அவர்களுக்கு முன்னால் விமானம் செய்தவர் ஒருவரைப் புகழ்வதென்றால் முழுவதையும் சொல்ல வேண்டும். முதல் போரில் குண்டு போடும் விமானங்களை வரைந்தவரும் டி ஹவிலண்டுதான். இரண்டாம் உலகப் போரில் அவருடைய கம்பனி மரத்தால் செய்த மொஸ்கிட்டோ என்ற விமானமும் குண்டு போட்டது. தளபாடம் செய்யும் பட்டறைகளில் அதன் பாகங்களைச் செய்தார்கள். பயிற்சிக்கான டைகர் மொத்தில் பழகிய இளைஞர்கள் போருக்குத்தான் போனார்கள். தட்டெழுத்துப் பெண்ணை வானத்துக்கு ஏற்றியதும் குண்டை வானத்துக்கு ஏற்றியதும் ஒரே கைதான்.

அந்தக் கை கொடுத்த விலையும் பெரிது. அவருடைய மூன்று ஆண்மக்களும் கம்பனியிலேயே வேலை செய்தார்கள். 1943 ஓகஸ்டில் இரண்டு மொஸ்கிட்டோ விமானங்கள் வானில் மோதியதில் இளைய மகன் ஜோன் இறந்தார். 1946 செப்டெம்பர் 27 ஆம் திகதி, தந்தையின் பெயரையே கொண்ட மூத்த மகன் ஜெஃப்ரி, வாலில்லாத ஜெட் விமானம் ஒன்றை மிக வேகமாக ஓட்டிப் பரிசோதிக்கும்போது அது வானிலேயே சிதறியது. அன்று துணி தைத்த லூயிஸ் அந்தத் துயரிலிருந்து மீளாமல் 1949 இல் காலமானார். அதே ஆண்டு ஜூலை 27 இல், டி ஹவிலண்டின் பிறந்த நாளன்று, உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான கொமெட் பறந்தது. அந்த நாளை அவர் எப்படிக் கழித்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கவே எனக்கு மனம் வரவில்லை. 1952 இல் கொமெட் கொழும்புக்கும் வந்தது. 1954 இல் இரண்டு கொமெட் விமானங்கள் கடலில் விழுந்தன. உலோகம் களைத்து வெடித்ததே காரணம் என்று கண்டுபிடித்தவர்கள், அவர் முன்பு வேலை செய்த அதே ஃபார்ன்பரோவின் ஆராய்ச்சியாளர்கள்.

முதுமையிலும் அவர் விமானம் ஓட்டினார். 1965 மே 21 ஆம் திகதி, 82 ஆவது வயதில் இறந்தார். அவருடைய சாம்பலை விமானத்தில் கொண்டுபோய்ச் செவன் பறோஸின் மேல் தூவினார்கள். 1909 இல் விழுந்து, 1910 இல் மிஞ்சிய எஞ்சினோடு மறுபடி எழுந்த புல்வெளி அது.