ஆல்பிரெடு சாட்டர்டன்

சேலம் நகரின் வடபால் ஓங்கி நிற்பது சேர்வராயன் மலை. காப்பித் தோட்டங்களும் பழத் தோட்டங்களும் சூழ்ந்த ஏற்காடு அம்மலைமேல் அமைந்துள்ளது. கண்ணுக்கு இனிய இம்மலை, தன் மண்ணுள்ளே பாக்சைட்டு என்னும் அலுமினியத் தாதினையும் பொதிந்து வைத்துள்ளது. 1965ஆம் ஆண்டில் மேட்டூரில் அலுமினிய ஆலை உற்பத்தியைத் தொடங்கியபோது, அதற்கு வேண்டிய தாதினை இம்மலை வழங்கிற்று. அதற்கு அறுபத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே, அவ்வுலோகத்தைப் பிற நாட்டினின்று வருவித்து, அதனால் கலங்கள் செய்யும் தொழிலைச் சென்னையிலே தோற்றுவித்தார் ஒருவர். இம்மலையின் அடிவாரத்திலே, சேலத்து நெசவாளர் நலங்கருதி நெசவுச்சாலை கண்டவரும் அவரே. ஆல்பிரெடு சாட்டர்டன் என்பது அவர்தம் பெயர்.

சாட்டர்டன் 1866ஆம் ஆண்டிற் பிறந்தவர். இலண்டன் மாநகரில் பொறியியல் பயின்று தேர்ந்த அவர், 1888ஆம் ஆண்டில் சென்னைப் பொறியியற் கல்லூரியின் பேராசிரியராய் இந்நாட்டிற்கு வந்து சேர்ந்தார். மாணவர்க்குப் பாடஞ் சொல்லுதலோடு தம் கடமை முடிந்ததென அவர் அமைந்தாரல்லர். ஊர்தோறும் கைத்தொழிலாளர் படும் இன்னல்களைக் கண்டார். ஆலைகளில் விளைந்த அயல்நாட்டுப் பொருள்கள் வந்து குவியக் குவிய, உள்நாட்டுத் தொழில்கள் ஒவ்வொன்றாய் நலிந்து வந்த காலம் அது. தொழிலாளர்தம் கைத்திறனை அழியவிடாது, அதற்கு ஏற்ற புதிய கருவியும் புதிய முறையும் அளித்தல் வேண்டும் என்பது அவர்தம் எண்ணமாயிற்று.

1897ஆம் ஆண்டில் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் தலைமைப் பொறுப்பு அவரை வந்தடைந்தது. 1850ஆம் ஆண்டில் தோன்றிய அப்பள்ளியே இந்நாளில் அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குவது. அந்நாளில் நம் இல்லங்களில் பித்தளைக் கலங்களும் செப்புக் கலங்களுமே மிகுதியாய் வழங்கின. அவை விலை மிக்கவை, எடை மிக்கவை, களிம்பேறாமற் காத்தற்கு அடிக்கடி ஈயம் பூசப்பட வேண்டியவை. அலுமினியமோ எடை குறைந்தது; ஈயப் பூச்சும் வேண்டாதது. 1886ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எருவும் மின்னாற்றலைக் கொண்டு அதனைப் பிரித்தெடுக்கும் முறையைத் தனித்தனியே கண்டனர். அதனால் அதன் விலை பெரிதும் தாழ்ந்திருந்தது. இதனை அறிந்த சாட்டர்டன், 1898ஆம் ஆண்டில் அலுமினியத் தகடுகளை வருவித்து, கன்னார் கையில் ஒப்புவித்தார். வழிவழியாகப் பித்தளையைத் தட்டிப் பழகிய கைகள் புதிய உலோகத்திலும் பழைய குடத்தின் வடிவையே சமைத்தன. உலோகம் புதிது, வடிவும் கைத்திறனும் நம்முடையவை. ஆதலின், மக்கள் அவற்றை விரும்பி ஏற்றனர். புளிப்பு மிக்க உணவை அலுமினியக் கலத்தில் வைத்தல் தகாது என்பது அறியத்தக்கதாயினும், எளியோர் அடுக்களைக்கு அக்கலங்கள் பெருந்துணையாயின என்பதில் ஐயமில்லை. தொழில் வேரூன்றியபின், 1903ஆம் ஆண்டில் அது தனியார் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. அரசு வழிகாட்டுதல் வேண்டும். வழி திறந்தபின் மக்களே அதில் நடத்தல் வேண்டும் என்பதே அவர் கொண்ட நெறி.

அடுத்து அவர் உள்ளம் உழவர்பாற் சென்றது. கவலை இறைக்கும் தோற்சால் நீரில் ஊறி விரைவில் நைந்து போவதைக் கண்டு, குரோமிய உப்பினால் தோலைப் பதப்படுத்தும் புதுமுறையை ஆய்ந்து, நீரைத் தாங்கும் உறுதி வாய்ந்த தோலை உண்டாக்குவித்தார். எண்ணெய் எஞ்சினைக் கொண்டு கிணற்றுநீரை இறைக்கும் முறையையும் ஆய்ந்து பரப்பினார்.

இவற்றிற்குப்பின் அவர் எடுத்துக்கொண்டது நெசவு. நெசவாளர் பலர் குழித்தறியில் அமர்ந்து, நாடாவை ஒரு கையால் எறிந்து மறுகையால் ஏற்று, மெல்ல மெல்ல நெய்து வந்தனர். நூலுக்குக் கடன், துணிக்கு வணிகர் வைத்ததே விலை. இங்கிலாந்தில் 1733ஆம் ஆண்டிலேயே சான் கே என்பார் பறக்கும் நாடாவைக் கண்டறிந்திருந்தார். கயிற்றை இழுத்த அளவில் அந்நாடா தானே ஓடி மீளும். குறைந்த நேரத்தில் மிகுந்த துணி விளையும். இத்தகைய தறிகளை அமைத்து, நெசவாளரை ஒருங்கு கூட்டிக் கூலி தந்து நெய்விக்கும் சாலையொன்றைச் சாட்டர்டன் சேலத்தில் நடத்தினார். சிறந்த தறி எது எனக் காணும் பொருட்டு, 1908ஆம் ஆண்டில் சென்னையில் நெசவுப் போட்டியும் நடைபெற்றது.

புதிய தறியின் ஆற்றல் விளங்கிற்று. ஆனால், சாலையோ எண்ணியவாறு செழிக்கவில்லை. ஏன்? நெசவாளன் வீட்டில் மனைவி நூல் இழைப்பாள். மக்கள் தார் சுற்றுவர். முதியோர் பாவோட உதவுவர். குடும்பமே ஒரு தொழிற்சாலை. அதனை விட்டு, மணியடித்ததும் வந்து மணியடித்ததும் செல்லும் வாழ்வை அவன் உவந்திலன். கருவி நன்று, ஆயினும், அது அவனுடைய வாழ்வோடு பொருந்துதல் வேண்டும். இவ்வுண்மையைச் சேலத்துச் சாலை உணர்த்திற்று. பின்னாளில் பறக்கும் நாடா நெசவாளர் இல்லந்தோறும் புகுந்து பரவியது. ஆலைக்கு வர மறுத்தவனே, தன் வீட்டிற்கு வந்த கருவியை வரவேற்றான்.

இதற்கிடையே வேறோர் இடையூறு நேர்ந்தது. அரசு தொழில் நடத்துதல் தம் வாணிகத்திற்குக் கேடெனச் சென்னையிலிருந்த ஐரோப்பிய வணிகர் முறையிட்டனர். இலண்டனில் இந்திய அமைச்சராயிருந்த மார்லி பிரபு, அரசு தொழில்துறையில் நேரே இறங்குதல் கூடாதென 1910ஆம் ஆண்டில் ஆணை பிறப்பித்தார். சேலத்து நெசவுச்சாலையும் மூடப்பெற்றது. பல்லாண்டு உழைப்பு ஓராணையால் தடைப்பட்டது கண்டு சாட்டர்டன் சோர்ந்தாரல்லர். 1912ஆம் ஆண்டில் மைசூர் அரசின் தொழில்துறை இயக்குநராகச் சென்றார். முதல் உலகப் போரினால் சந்தனக்கட்டை ஏற்றுமதி தடைப்பட்டபோது, அந்நாட்டிலேயே சந்தன எண்ணெய் எடுக்கும் தொழில் தோன்றத் துணைநின்றார். 1916ஆம் ஆண்டில் அமைந்த இந்தியத் தொழிற்குழுவில் மதன் மோகன் மாளவியா முதலியோரோடு அவரும் உறுப்பினரானார். தொழில் வளர்ச்சியில் அரசு முனைந்து ஈடுபடுதல் வேண்டும் என 1918ஆம் ஆண்டில் அக்குழு பரிந்துரைத்தது. முன்னர்த் தடுக்கப்பட்ட கொள்கை பின்னர் ஏற்கத்தக்கதாயிற்று. 1919ஆம் ஆண்டில் சர் பட்டம் பெற்ற அவர், 1958ஆம் ஆண்டில் மறைந்தார்.

வானளாவிய மாளிகைகளாலும் போர்க்கள வெற்றிகளாலும் பெயர் பெற்றோர் பலர். சாட்டர்டன் பெயரோ கல்லில் நிலைத்ததினும் கலத்தில் நிலைத்தது எனலாம். எளியோர் கையிலுள்ள பொருளைச் சற்றே இலேசாக்குதலும், அவர்தம் உழைப்பின் பயனைச் சற்றே மிகுவித்தலும் பேரறமாகும். அவ்வறம் செய்வார்க்கு அறிவு மட்டும் போதாது. பயன்கொள்வாரின் வாழ்வை உற்றுநோக்கும் கண்ணும், தவறு நேர்ந்தவிடத்துக் கற்றுக்கொள்ளும் பணிவும் வேண்டும். மாணவர்காள்! சேர்வராயன் மலையைக் காணும்போது, அதன் அடிவாரத்துத் தறிகள் புகட்டிய இப்பாடத்தையும் நினைவிற் கொள்வீராக.