கப்பல் பஞ்சாங்கம் கணித்த பாதிரியார்

சென்னைக் கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயத்தில் 1753-ம் ஆண்டு ராபர்ட் கிளைவுக்குத் திருமணம் நடந்தது. மணமகள் மார்கரெட் மாஸ்கலின். கிளைவ் வாள் பிடித்துப் பெயர் பெற்றார். மணமகளின் அண்ணன் நெவில் மாஸ்கலினோ பேனா பிடித்துக் கணக்குப் போட்டே பெயர் பெற்றார்.

1732-ல் லண்டனில் பிறந்த நெவில், கேம்பிரிட்ஜில் படித்துப் பாதிரியாரானவர். மனமெல்லாம் வானத்தில்தான். சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1761-ல் செயின்ட் ஹெலினா தீவுக்குச் சென்றார். மேகம் மூடிக்கொண்டது, போன காரியம் கெட்டது. ஆனால் கப்பல் பயணத்தில் அவர் சோதித்துப் பார்த்த முறை வீண் போகவில்லை. சந்திரனுக்கும் சூரியனுக்கும், அல்லது ஒரு நட்சத்திரத்துக்கும், இடையேயுள்ள கோணத்தை அளந்து, கப்பல் நிற்கும் தீர்க்கரேகையைக் கண்டறியும் முறை அது.

இதற்கு ஒரு பஞ்சாங்கம் வேண்டும். கிரீன்விச் நேரப்படி மூன்று மணிக்கு ஒரு தரம் அந்தக் கோணம் எவ்வளவு என்று வருஷம் முழுமைக்கும் முன்கூட்டியே கணித்திருக்க வேண்டும். 1765-ல் ராஜாங்க வானநூலாரான மாஸ்கலின், 1767-ம் ஆண்டுக்கான முதல் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். கப்பலில் நாலு மணி நேரம் பிடித்த கணக்கு, சுமார் அரை மணியில் முடியலாயிற்று. கடிகாரம் செய்த ஹாரிசனுக்கும் இவருக்கும் நடந்த சண்டை வேறு கதை. அதில் மாஸ்கலினை வில்லனாக்கிவிட்டதும் அவ்வளவு நியாயமல்ல.

இத்தனை கணக்கையும் போட்டவர்கள் யார்? இங்கிலாந்தின் மூலை முடுக்குகளில் வீட்டிலிருந்தபடியே வேலை செய்த சிலர். கம்ப்யூட்டர் என்றே அவர்களுக்குப் பெயர். அந்நாளில் அச்சொல் கணக்குப் போடும் மனிதரையே குறித்தது. எதற்குப்பின் எதைச் செய்யவேண்டும் என்று மாஸ்கலின் படிப்படியாக எழுதிக் கொடுத்துவிடுவார். விடைகள் தபாலில் வரும்.

கோணத்தில் ஒரு கலை பிசகினால் தீர்க்கரேகையில் அரைப் பாகை பிசகும். பூமத்திய ரேகையருகே அது சுமார் 55 கிலோமீட்டர். பாறையில் மோத அது போதாதா?

ஆகவே ஒவ்வொரு மாதத்தையும் இருவரிடம் கொடுத்தார். ஒருவர் சந்திரனின் நண்பகல் நிலைகளைக் கணிப்பார். மற்றவர் நள்ளிரவு நிலைகளை. ஒப்புநோக்குபவர் இரண்டையும் ஒரே வரிசையாகக் கோத்து, அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தைப் பார்ப்பார். சீராகப் போகும் வரிசை ஓரிடத்தில் துள்ளினால் பிழை அங்கேதான். பிறகு கோணங்களை இருவரும் தனித்தனியே கணிப்பர். விடைகள் ஒத்தால் சரி.

1770 வாக்கில் இந்த ஏற்பாட்டிலேயே ஓட்டை விழுந்தது. இருவர் ஒருவரையொருவர் பார்த்து எழுதிவிட்டார்கள்! பார்த்தெழுதினால் பிழையும் சேர்ந்தே பிரதியாகும். விடைகள் அழகாக ஒத்துப் போகும். ஒப்புநோக்குபவரான மலாக்கி ஹிட்சின்ஸ் என்ற பாதிரியார் குட்டை உடைத்தார். இருவருக்கும் வேலை போயிற்று. இன்று எங்கெங்கோ இருக்கும் யந்திரங்களுக்கு ஒரே சமயத்தில் வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பவர்களுக்கும் இதே தலைவலிதான். இரு விடைகள் ஒத்தால் மட்டும் போதுமா? இரண்டும் தனித்தனியே பிறந்தவையா என்றல்லவா பார்க்கவேண்டும்!

லட்லோ என்ற ஊரிலிருந்து ஜான் எட்வர்ட்ஸ் பெயரில் விடைகள் வந்துகொண்டிருந்தன. 1784-ல் அவர் காலமான பிறகே, பெரும்பாலும் கணக்குப் போட்டவர் அவர் மனைவி மேரி என்பது வெளிப்பட்டது. மாஸ்கலின் தயங்கவில்லை, அந்த அம்மையாரின் பெயரிலேயே வேலையைக் கொடுத்தார்.

நாற்பத்தாறு ஆண்டுகள் பதவியிலிருந்து, 1811-ல் மாஸ்கலின் மறைந்தார். அவருக்குப்பின் பஞ்சாங்கத்தில் பிழைகள் மலிந்தன, புகார்கள் குவிந்தன. கடைசியில் கணக்கு வேலை முழுவதும் லண்டனில் ஒரே காரியாலயத்துக்குள் கொண்டுவரப்பட்டது. அங்கே பெண்களுக்கு இடமில்லை. தாயாருக்குப்பின் லட்லோவில் கணக்குப் போட்டுவந்த மேரியின் மகள் எலிசாவுக்கு, 1832-ல் அந்த வேலை இல்லாமற் போயிற்று.